முளைக்காத பல்லில் சொத்தை எப்படி வரும்?

கேள்வி: 11 பிப்ரவரி 2022

மகளுக்கு 9 வயது. முன்பற்கள் முன்னும் பின்னுமாக வருகின்றன என்று வாய் முழுக்கத் தெரிகிற எக்ஸ்ரே எடுத்தோம். கோணல் பல்லைக் கேட்கப் போன இடத்தில், "கீழே இடது பக்கம் இரண்டாவது கடைவாய்ப்பல்லில் சொத்தை இருக்கிறது, ஈறைக் கீறி உடனே அடைக்கவேண்டும்" என்கிறார்கள். அந்தப் பல் இன்னும் முளைக்கவே இல்லை. விரலை விட்டுத் தடவிப் பார்த்தேன், வெறும் ஈறுதான். 12 வயதில்தான் வெளியே வருமாம். வெளியே வராத பல்லில் சொத்தை எப்படி? நான் இனிப்புக் கொடுத்துக் கெடுத்துவிட்டேன் என்று வீட்டில் ஆளாளுக்குச் சொல்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

11 பிப்ரவரி 2022, இரவு

முதலில் இனிப்பை விடுங்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. வீட்டில் பேசுகிறவர்களிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள். சொத்தை பிடிக்க வாயில் வாழும் கிருமி வேண்டும், அதற்குத் தீனி வேண்டும், இரண்டும் பல்மேல் ஒட்டிக் கிடக்க நாள் வேண்டும். உங்கள் மகளின் பல்லோ தாடை எலும்புக்குள், ஒரு மெல்லிய பைக்குள், ஈறுக்கு அடியில் கிடக்கிறது. எச்சில்கூட அதன்மேல் பட்டதில்லை. பூட்டிய வீட்டுக்குள் பொருள் காணாமல் போனால் தெருவில் போகிறவனைப் பிடித்து என்ன பயன்?

குழந்தைகளுக்குப் பல் பார்ப்பதுதான் இருபது வருடங்களாக என் வேலை. இந்த வகைக் கறுப்பை முளைப்புக்கு முந்தைய உட்கரைவு என்று சொல்லலாம். இங்கே சுருக்கமாக உட்கரைவு என்றே எழுதுகிறேன். படம் கையில் இருந்தால் பெயரை மறைத்துவிட்டுப் போடுங்கள். பார்க்காமல் அதிகம் பேசக்கூடாது.

12 பிப்ரவரி 2022

பார்த்தேன். கைபேசியில் எடுத்த படம், விளக்கு வெளிச்சம் குறுக்கே விழுந்திருக்கிறது, ஆனாலும் தெரிகிறது. பல்லின் தலை முழுதாக உருவாகிவிட்டது, வேர் இப்போதுதான் ஆரம்பம். மேலே வெள்ளை வெளேரென்று தொப்பி மாதிரி இருப்பது எனாமல். தொப்பி எங்கும் உடைந்ததாகத் தெரியவில்லை. நடுப்பள்ளத்துக்கு நேர் கீழே, எனாமல் முடிந்து அதற்கு உள்ளடுக்கான டென்டின் தொடங்கும் இடத்தில், குண்டூசித் தலை அளவுக்கு ஒரு கறுப்பு. அதற்கும் நரம்பு அறைக்கும் நடுவே நல்ல இடைவெளி.

எக்ஸ்ரேயில் இது அச்சு அசலாகச் சொத்தை போலவே இருக்கும். உங்களுக்குச் சொன்னவரைக் குறை சொல்ல மாட்டேன். 1941-இல் ஸ்கில்லன் என்பவர் இதைப் பற்றி எழுதியபோதே 'சொத்தை எனப்படுவது' என்று சந்தேகத்தோடுதான் தலைப்பு வைத்தார். காலப்போக்கில் சந்தேகம் உதிர்ந்துபோய் சொத்தை மட்டும் ஒட்டிக்கொண்டது. பிற்பாடு அந்தக் குழிக்குள்ளிருந்து எடுத்த திசுவை நுண்ணோக்கியில் பார்த்தவர்களுக்கு அகப்பட்டது வேறு: ஒரே செல்லுக்குள் பல உட்கருக்கள் உள்ள பெரிய செல்கள், அவை கரைத்து வைத்த கிண்ணம் கிண்ணமான குழிகள். எலும்பைக் கரைக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல் வேலை செய்த இடம் அப்படித்தான் இருக்கும்.

எலும்பைக் கரைக்கிற செல்லுக்குப் பல்லில் என்ன வேலை என்று கேட்பீர்கள். உடம்புக்கு இது புது வித்தை இல்லை. பால் பல் ஆடி விழுகிறதே, அதன் வேர் எங்கே போகிறது? விழுந்த பல்லைக் கையில் வைத்துத் திருப்பிப் பாருங்கள். வேர் இருக்காது, அடிப்பக்கம் குதறினாற்போலக் கரடுமுரடாக இருக்கும். இதே இனத்துச் செல்கள் தின்று தீர்த்த மிச்சம் அது. பால் பல்லின் வேரில் செய்யவேண்டிய வேலையை, வாழ்நாள் முழுக்கக் காக்கவேண்டிய நிலைப்பல்லின் தலையில் செய்துவிடுகின்றன. வேலியே பயிரை மேய்ந்த கதை.

12 பிப்ரவரி 2022, மதியம்

ஒரு திருத்தம். எச்சில்கூடப் பட்டதில்லை என்று நேற்று அடித்துச் சொன்னேன். உங்கள் மகளின் பல்லுக்கு அது சரி, எல்லாப் பல்லுக்கும் பொருந்தாது. பால் கடைவாய்ப்பல் சொத்தையாகி வேர்ப்பக்கம் சீழ் வைத்தால், அடியில் காத்திருக்கும் நிலைப்பல்லை அந்தச் சீழ் போய்த் தொடும். அதனாலும் பல் கெடும். பெரும்பாலும் எனாமலின் மேற்பரப்பில் பள்ளமும் பழுப்புமாக வெளியே வரும், அதற்கு டர்னர் பல் என்று பெயர். இரண்டாவது நிலைக் கடைவாய்ப்பல்லுக்கு மேலே பால் பல்லே கிடையாது. ஆகவே உங்களுக்கு அந்தக் கவலை வேண்டாம்.

14 பிப்ரவரி 2022

"இருபது வருடம் பார்த்தவருக்கு இது எப்போது தெரிந்தது?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கிண்டலா என்று தெரியவில்லை, ஆனால் சரியான கேள்வி. படிப்பில் ஒரு பத்தி வாசித்ததோடு சரி. கண்ணில் பட ஏழு வருடம் ஆனது.

ஆறரை வயதுப் பையன். கீழ்க் கடைவாய்ப்பல், ஆறு வயதில் வருமே, அந்த முதல் பல் அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. பின்பாதி மேல் ஈறு இன்னும் மூடியிருந்தது. கடித்தால் கூசுகிறது என்றான். வெளியே பார்த்தால் பல் பளபளவென்று இருக்கிறது. கூர்முனைக் கருவியால் பள்ளத்தில் இழுத்தேன், எங்கும் சிக்கவில்லை. எக்ஸ்ரே எடுத்தால் உள்ளே பாதிப் பல் கறுப்பு. மேலே துளை தெரியாமல் உள்ளே குழி விழுந்தால் மறைசொத்தை என்று எழுதுவது வழக்கம். எழுதினேன். அதோடு விட்டிருக்கலாம். பையனின் அம்மாவுக்குச் சாக்லேட்டைப் பற்றிப் பத்து நிமிடம் வகுப்பு எடுத்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை, பையனின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மரத்துப்போக ஊசி போட்டுவிட்டுத் திறந்தேன். எனாமலைத் துளைக்கும்போது ஒரு கெட்டித்தனம் விரல்வரை வரும், சத்தமும் சன்னமாகக் கீச்சிடும். அன்று கொஞ்ச தூரம் போனதும் சத்தம் அறுந்து, கருவி வெற்றிடத்தில் விழுந்தது. சொத்தை என்றால் கரண்டிக் கருவியால் வழிக்கும்போது ஈரமான பழுப்புச் சேறு வரவேண்டும். மேலாகக் கொஞ்சம் வந்தது. அதற்கு அடியில் இளஞ்சிவப்பாக, ஈறு மாதிரியே, ஒரு சதைத்துணுக்கு. கருவி பட்டதும் ரத்தம் கசிந்தது. நரம்பைத் தொட்டுவிட்டோம் என்று எனக்குக் கை நடுங்கிவிட்டது. தொடவில்லை. சதையை வழித்து எடுத்த பிறகு அடியில் கெட்டியான டென்டின், இழைத்து வைத்தாற்போல. நரம்பு அதற்கும் கீழே பத்திரமாக இருந்தது.

நரம்பு அறை திறக்காத, மேலே மூடிய சொத்தைக்குள் இப்படிச் சதை வளராது. அன்று மாலை அவன் கோப்பைப் புரட்டினேன். ஒன்றேகால் வருடம் முன்பு அவன் கீழே விழுந்து முன்பல்லில் அடிபட்டபோது நானே எடுக்கச் சொன்ன ஓபிஜி, அதாவது வாய் முழுக்கத் தெரிகிற எக்ஸ்ரே, உள்ளே இருந்தது. இதே பல் எலும்புக்குள் கிடக்கிறது, இதே இடத்தில் கறுப்பு, கொஞ்சம் சின்னதாக. அடிபட்ட முன்பல்லை மட்டும் பார்த்துவிட்டுப் படத்தை உறைக்குள் போட்டிருக்கிறேன்.

அடுத்த தடவை அவர்கள் வந்தபோது அந்த அம்மாவிடம் சொன்னேன். "அப்ப சாக்லேட்டால இல்லையா?" என்றார். இல்லை என்றேன். "அவன் சாக்லேட்டைத் தொடவே மாட்டான் டாக்டர். நீங்க கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன்."

15 பிப்ரவரி 2022

எத்தனை பேருக்கு வரும் என்று கேட்டவருக்கு: நூறு குழந்தைகளில் மூன்று பேர்.

15 பிப்ரவரி 2022, இரவு

அவசரத்தில் பாதிதான் சொன்னேன். அந்த 3 என்பது ஆஸ்திரேலியாவில் சியோவும் உடன் உழைத்தவர்களும் ஓபிஜி படங்களை வைத்து எண்ணி 1999-இல் வெளியிட்டது. தலைக்கணக்கு விட்டுப் பற்களாக எண்ணினால் 200-க்கு 1. அதே ஆண்டில் அவர்களே பைட்விங் படங்களை எண்ணியபோது நூறு குழந்தைகளில் 6 பேர், நூறு பற்களில் 2. ஓபிஜி என்பது வாயைச் சுற்றி வந்து எடுக்கும் ஒரே நீளப் படம், விளிம்புகள் மங்கும், பல்லோடு பல் மேலே விழும். பைட்விங்கில் சில பற்களே தெரியும், ஆனால் துல்லியமாகத் தெரியும். முப்பரிமாண ஸ்கேனில் தேடியவர்கள் இன்னும் அதிகம் கண்டார்கள். ஆக, எதைக் கொண்டு தேடுகிறோம் என்பதைப் பொறுத்து எண் ஏறுகிறது.

அந்தக் கணக்கிலேயே இன்னொன்றும் இருக்கிறது. ஆண் பெண் வித்தியாசம் இல்லை, உடம்பில் வேறு நோய் இருப்பதற்கும் இதற்கும் தொடர்பு இல்லை, ஃபுளோரைடுக்கும் இல்லை. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரே ஒரு பல்லில்தான்.

17 பிப்ரவரி 2022

பூனை வளர்ப்பதால் வருமா என்று கேட்டவர் விளையாட்டுக்குக் கேட்டிருப்பார். பதில் அவ்வளவு விளையாட்டு இல்லை.

பூனைகளுக்குப் பல் கரைவது மிகச் சாதாரணம். கழுத்துப்பகுதியில் தொடங்கிப் பல்லே காணாமல் போகும். கால்நடை மருத்துவர்களுக்குத் தினப்படி வேலை அது, அவர்களுக்கும் காரணம் பிடிபடவில்லை. 2009-இல் சுவிட்சர்லாந்து மருத்துவர்கள், பல பற்களின் கழுத்தில் கரைவு கண்ட 4 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். நால்வருக்கும் ஏதோ ஒரு விதத்தில் பூனைத் தொடர்பு இருந்தது, பூனை ஹெர்பிஸ் வைரஸுக்கு எதிரான தடயம்கூட ரத்தத்தில் தேடிப் பார்த்தார்கள். நாலு பேரை வைத்து யாரும் பூனையைத் தண்டிக்க முடியாது. தவிர, அவர்களுடையது முளைத்த பற்களின் கழுத்து, நம்முடையது முளைக்காத பல்லின் தலை.

பூனை வீட்டிலேயே இருக்கட்டும்.

19 பிப்ரவரி 2022

பல் மருத்துவம் படிக்கும் தம்பி ஒருவர் ஆறு படங்களை அனுப்பி, ஆறிலும் உட்கரைவு இருப்பதாகச் சொல்கிறார். தம்பி, ஒன்றில்தான் இருக்கிறது. மற்ற ஐந்தும் உங்கள் கண் செய்த வேலை.

பளிச்சென்ற வெள்ளையும் சாம்பலும் ஒட்டி நிற்கும் எல்லையில், சாம்பல் பக்கம் இல்லாத ஒரு கறுப்புக் கோடு இருப்பதாகக் கண் காட்டும். எர்ன்ஸ்ட் மாக் 1865-இல் விளக்கிய மாயம் இது. எனாமலும் டென்டினும் சந்திக்கும் இடம் இதற்கென்றே செய்தாற்போல அமைந்திருக்கிறது. ஒரு வழி சொல்கிறேன். எனாமல் பகுதியைக் காகிதத் துண்டால் மறைத்துவிட்டு டென்டினை மட்டும் பாருங்கள். கோடு மறைந்தால் மாயம், நின்றால் யோசிக்கலாம். நானும் ஒரு காலத்தில் பார்த்த பல்லில் எல்லாம் கண்டேன். தவறவிட்ட ஒரு படம் மனதில் உறுத்தினால் அப்படித்தான் ஆகும். ஒரு குழந்தைக்கு வீணாக ஆறு மாதம் கழித்து மறுபடி எக்ஸ்ரே எடுக்கவைத்தேன், அதில் ஒன்றும் இல்லை.

22 பிப்ரவரி 2022

இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம். ஈறைக் கீறி உடனே அடைக்கவேண்டுமா?

அவசரம் இல்லை என்பது என் எண்ணம். முளைக்காத பல்லில் கறுப்பைக் கண்டால் எங்களுக்குக் கை பரபரக்கும், ஓட்டை என்றால் அடைக்கத்தானே பழகியிருக்கிறோம். ஆனால் நிறைய உட்கரைவுகள் ஓர் அளவோடு நின்றுவிடுகின்றன. சில நிற்காமல் நரம்பை நோக்கிப் போகும். ஒரே ஒரு படத்தை வைத்து எது எந்த ரகம் என்று சொல்லமுடியாது. இரண்டு படமாவது வேண்டும், நடுவே சில மாதங்கள் வேண்டும்.

அளவு மாறவில்லை, பல் வெளியே வர நாள் இருக்கிறது என்றால் காத்திருக்கலாம். பெரிதாகிறது, நரம்பை நெருங்குகிறது என்றால் ஈறைத் திறந்து, குழிக்குள் இருப்பதை வழித்து, கிளாஸ் அயனோமர் என்ற அடைப்புப் பொருளை வைத்து அடைக்கலாம். நரம்பு மிக அருகில் இருந்தால் அடியில் கால்சியம் ஹைட்ராக்சைடோ எம்டிஏ என்ற பல் சிமெண்டோ வைப்பார்கள். பல் முளைக்கும் தறுவாயில் இருந்தால், ஈறைக் கிழித்துக்கொண்டு எட்டிப் பார்க்கும் அந்த வாரங்களில் விழிப்பாக இருக்கவேண்டும். அதுவரை உள்ளே இருந்தது வெறும் குழி. பல் வாய்க்குள் வந்ததும் நடுப்பள்ளத்தின் மயிரிழைச் சந்து வழியாகக் கிருமி நுழைந்தால், தயாராக வெட்டி வைத்த வீட்டில் குடியேறின மாதிரிதான். அன்றிலிருந்து அது நிஜமாகவே சொத்தை. நான் அந்தப் பையனிடம் கண்ட மேலடுக்குப் பழுப்புச் சேறும் அப்படி வந்ததுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

உங்கள் மகளுக்கு என்றால் ஆறு மாதம் கழித்து அந்த ஒரு பல்லுக்கு மட்டும் சின்னப் படம் எடுத்து ஒப்பிடச் சொல்வேன். அவளை நேரில் பார்க்கிற மருத்துவரிடம் இதைக் கேளுங்கள். நான் எழுதுவதை வைத்து அவரோடு மல்லுக்கு நிற்காதீர்கள்.

23 பிப்ரவரி 2022

திரும்பத் திரும்ப எக்ஸ்ரே எடுத்தால் ஆகாதா என்கிறீர்கள். ஓர் ஓபிஜியின் கதிர்வீச்சு ஏறத்தாழ 10 முதல் 25 மைக்ரோசீவர்ட். மண்ணிலும் காற்றிலும் வானிலும் இருந்து சும்மா இருக்கிற மனிதர்மேல் படுவது உலகச் சராசரியில் ஆண்டுக்கு 2,400. ஒரு பல்லுக்கான சின்னப் படம் ஓபிஜியைவிடவும் குறைவு. முப்பரிமாண ஸ்கேன் அப்படி இல்லை, கூடுதலாக ஆகும். அதனால்தான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் ஏன் என்று கேளுங்கள். உட்கரைவைத் தேடுவதற்கென்றே எக்ஸ்ரே எடுப்பதும் தேவையில்லை. வேறு எதற்காகவோ எடுத்த படத்தில் முளைக்காத பற்களையும் ஒரு நிமிடம் பார்த்தால் போதும்.

9 மார்ச் 2022

காத்திருக்கலாம் என்று 22-ஆம் தேதி எழுதியது உறுத்திக்கொண்டே இருக்கிறது. எழுதும்போது ஒரு குழந்தையை விட்டுவிட்டேன். வேண்டுமென்று விட்டேனா என்றும் யோசித்தேன்.

பத்து வயதுப் பெண். கீழே இரண்டாவது முன்கடைவாய்ப்பல், ஈறுக்குள். சின்னக் கறுப்பு. சாக்லேட் பையனுக்குப் பிறகு எனக்கு ஒரே தெளிவு வந்திருந்தது: இது சொத்தை இல்லை, பதற்றம் வேண்டாம், ஆறு மாதம் கழித்து வாருங்கள். அவர்கள் வரவில்லை. நான் கூப்பிடவும் இல்லை. யாருக்கு எப்போது மறுபடம் என்று ஒரு தனிக் குறிப்பேடு வைத்திருந்தால் கூப்பிட்டிருப்பேன், வைத்திருக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து வந்தார்கள், கன்னம் வீங்கியிருந்தது. பல் முளைத்துப் பாதி வந்திருந்தது. கறுப்பு நரம்பு அறைக்குள் திறந்துகொண்டுவிட்டது.

பன்னிரண்டு வயதில் அந்தப் பல்லின் வேர் நுனி இன்னும் மூடியிருக்காது, குழாய் மாதிரி திறந்தே இருக்கும். பெரியவர்களுக்குச் செய்வதுபோல ரூட் கெனால் செய்து அடைக்கமுடியாது. நரம்பில் கொஞ்சமாவது உயிர் இருந்தால் மேல்பகுதியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு எம்டிஏ வைத்து, மிச்ச நரம்பு வேரை வளர்த்து முடிக்கும் என்று காத்திருப்போம். அவளுக்கு அந்த மிச்சமும் இல்லை. உள்ளே சுத்தம் செய்து, நுனியில் எம்டிஏவால் ஒரு அடைப்பு கட்டினேன். நாலு தடவை வந்தாள். பல் இருக்கிறது. ஆனால் அதன் சுவர்கள் மெல்லிசு, எத்தனை வருடம் தாங்கும் என்று அந்தப் பெண் கேட்டபோது நேராகப் பார்த்துப் பதில் சொல்ல என்னால் முடியவில்லை.

ஆகவே 22-ஆம் தேதிப் பதிவில் காத்திருக்கலாம் என்று வரும் இடத்தில், தேதி குறித்துக்கொண்டு காத்திருக்கலாம் என்று படித்துக்கொள்ளுங்கள்.

10 மார்ச் 2022

அன்றிலிருந்து என் மேஜையில் ஒரு நீல அட்டை நோட்டு இருக்கிறது. கணினியில் நினைவூட்டல் போட்டால் ஆகாதா என்று உதவியாளர் கேட்கிறார். அதுவும் போட்டிருக்கிறேன்.

3 செப்டம்பர் 2022

கேள்வி கேட்ட அம்மா புதுப் படம் போட்டிருக்கிறார். நன்றி. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கறுப்பு அதே அளவு. வேர் கொஞ்சம் வளர்ந்திருக்கிறது, பல் கொஞ்சம் மேலே வந்திருக்கிறது. கோணம் சற்று மாறியிருப்பதால் பெரிதானதுபோல உங்களுக்குத் தோன்றியிருக்கிறது. பக்கத்துப் பல்லின் அகலத்தையும் அளந்து பாருங்கள், அதுவும் அதே விகிதத்தில் பெரிதாகியிருக்கும்.

20 ஜனவரி 2023

இந்தக் கேள்வி-பதில் இழை மறுபடி கிளம்பியிருக்கிறது. ஃபுளோரைடு பற்பசையால்தான் இப்படி ஆகிறது என்று ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். தொடர்பு இல்லை என்று எண்ணிப் பார்த்தவர்கள் சொன்னதை மேலே எழுதிவிட்டேன். ஆனால் அந்தச் சந்தேகம் எங்கிருந்து கிளம்பியது என்பது சுவாரசியம். ஃபுளோரைடு பரவலான பிறகு, மேலே முழுசாகவும் உள்ளே பொந்தாகவும் இருக்கும் பற்கள் கண்ணில் பட ஆரம்பித்தன. ஃபுளோரைடு எனாமலைக் கெட்டியாக்கிவிடுகிறது, அதனால் சொத்தை உள்ளே ஒளிந்துகொள்கிறது என்று விளக்கம் சொல்லி, ஃபுளோரைடு வெடிகுண்டு என்றே பெயர் வைத்தார்கள். அந்தக் குண்டுகளில் ஒரு பங்கு, பல் முளைக்குமுன்பே இருந்த உட்கரைவு என்று பிறகு சந்தேகம் எழுந்தது. நானும் அந்தக் கட்சி. நான் மறைசொத்தை என்று எழுதி மூடிய பழைய கோப்புகளில் எத்தனை அப்படியோ. முளைக்குமுன் எடுத்த படம் எதுவும் இல்லாதவற்றை இனி யாராலும் பிரித்துச் சொல்லமுடியாது.

21 ஜனவரி 2023

பல் ரோஜா நிறமாகத் தெரிகிறது என்று படம் போட்டவருக்கு: அது வேறு. நரம்பு அறையின் உள்ளிருந்து கரைந்து, எனாமலுக்குப் பின்னால் வந்து நிற்கும் சதையின் நிறம் வெளியே தெரியும். கழுத்துப்பகுதியில் வெளியிலிருந்து கரைந்தாலும் அப்படித் தெரிவதுண்டு. மம்மரி என்பவர் 1920-இல் இந்த ரோஜாப் புள்ளிகளைப் பற்றி எழுதியதால் அவர் பெயரிலேயே சொல்வோம். இந்த வாரமே போய்க் காட்டுங்கள், இழையில் காத்திருக்கவேண்டாம்.

5 பிப்ரவரி 2023

தம்பி மறுபடி வந்திருக்கிறார். இந்த முறை அனுப்பிய இரண்டு படங்களும் சரி. அவர் கேட்பது: "செல்கள் உள்ளே எப்படிப் போகின்றன?" இதற்குத்தான் இத்தனை நாள் பயந்துகொண்டிருந்தேன்.

எனாமலில் எடைக்கணக்கில் 96 சதவீதம் தாது, டென்டினில் ஏறக்குறைய 70. முளைக்கும்வரை எனாமலின் மேல் ஒரு மெல்லிய செல் போர்வையும் இருக்கிறது. போர்வை இருக்கும்வரை வெளியே இருக்கும் கரைக்கும் செல்கள் பல்லைத் தொடமுடியாது. ஆகவே போர்வை எங்கோ கிழியவேண்டும், எனாமலில் ஒரு சந்து இருக்கவேண்டும். நடுப்பள்ளத்தின் அடி ஒரு வழி, எனாமல் முடியும் கழுத்து இன்னொரு வழி. பாதிக்கப்பட்ட பற்களில் கால் பங்குக்கு மேல் இடம் தவறிப் படுத்திருந்தவை என்றும் அதே 1999-ஆம் ஆண்டுக் கணக்கு சொல்கிறது. பக்கத்துப் பல் அழுத்தி, உரசி, போர்வை கிழிகிறது என்று வைத்தால் கதை அழகாக ஒட்டுகிறது.

மிச்ச முக்கால் பங்கு? நேராக, இடம் தாராளமாக நிற்கும் முதல் கடைவாய்ப்பல்லில் ஏன்? இரட்டைப் பிள்ளைகள்போல இடதும் வலதும் ஒரே சமயத்தில் உருவாகிற பற்களில் ஒன்றை விட்டுவிட்டு மற்றதில் மட்டும் ஏன்? ஸ்கேனில் ஒரு குழந்தைக்கு நடுப்பள்ளத்திலிருந்து கறுப்பு வரைக்கும் நூல் மாதிரி வழி தெரிந்தது, அன்று முழுக்க நடுப்பள்ளக் கட்சியில் இருந்தேன். அடுத்து வந்த குழந்தைக்கு எந்த வழியும் தெரியவில்லை. கட்சி மாறினேன். இப்போது எந்தக் கட்சியிலும் இல்லை.

இன்னொன்று எனக்கு இதைவிடப் பெரிய ஆச்சரியம். ஏன் ஆரம்பிக்கிறது என்று எல்லோரும் கேட்கிறோம், ஏன் நிற்கிறது என்று அவ்வளவாகக் கேட்பதில்லை. உங்கள் மகளின் பல்லில் அந்தச் செல்கள் ஒரு குண்டூசித் தலை அளவு தின்றுவிட்டு ஏன் எழுந்துபோயின? பசி ஆறியதா, யாராவது கூப்பிட்டார்களா?

5 பிப்ரவரி 2023, இரவு

எழுந்துபோயின என்று எழுதிவிட்டேன். ஆறு மாத இடைவெளியில் இரண்டே படங்கள்தான் பார்த்திருக்கிறோம். உட்கார்ந்து ஓய்வெடுத்துக்கொண்டும் இருக்கலாம். அடுத்த படம் எப்போது?

14 ஆகஸ்ட் 2023

மூன்றாவது படம். அதே அளவு. சரி.

2 மார்ச் 2025

ஒன்றரை வருடமாக இந்தப் பக்கம் யாரும் வரவில்லை. நேற்று அந்த அம்மாவிடமிருந்து செய்தி. மகளுக்கு 12 முடிந்துவிட்டது. ஈறு வலிக்கிறது என்று கண்ணாடியில் பார்த்தவள், இரண்டு முனைகள் வெளியே வந்திருப்பதைத் தானே கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறாள். அடுத்த நாளே கூட்டிப்போயிருக்கிறார்கள். மருத்துவர் பின்பக்க ஈறைக் கொஞ்சம் ஒதுக்கி, மரத்துப்போக ஊசி போட்டு, திறந்து, கிளாஸ் அயனோமர் வைத்து அடைத்துவிட்டாராம். இருபது நிமிடம். பல் முழுதாக வந்தபிறகு மேலே கெட்டியான ஃபில்லிங்காக மாற்றிவிடுவார்களாம். நரம்பு பத்திரம். இனிப்பைப் பற்றிப் பேசியவர்கள் இப்போது பேசுவதில்லை என்றும் எழுதியிருக்கிறார்.

எனக்கு ஒன்றே ஒன்றுதான் தெரியவேண்டியிருந்தது. திறந்தபோது உள்ளே என்ன இருந்தது? சிவப்பாகச் சதையா, பழுப்புச் சேறா, காய்ந்துபோன வெறும் குழியா? கேட்டு எழுதினேன். இன்று காலை பதில் வந்தது. அவரும் கேட்டாராம், மருத்துவருக்கு ஞாபகம் இல்லையாம், படமும் எடுக்கவில்லையாம். மகள் மட்டும் "கண்ணை மூடிக்கிட்டிருந்தேன்" என்று சொன்னாளாம்.